காலி வண்டியின் உயரம்

நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். பால் வாங்கி வந்தேன். இரவுத் தூறலில் வண்டியின் மேல் படிந்திருந்த கரித்தூளை ஈரத்துணியால் துடைத்தேன். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் எந்த வண்டியைத் தொட்டாலும் விரலில் கறுப்பு ஒட்டும். பிறகு நான்கு டயர்களிலும் காற்றுப் பார்த்தேன். வண்டி ஓடி டயர் சூடாவதற்கு முன்பே பார்ப்பதுதான் சரி. அதற்கென்று ஒரு மானி வாங்கி வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஐந்து பேர் ஏறப்போகிறோம் என்பதால் பின் டயர் இரண்டிலும் கால் பம்பால் சற்றுக் காற்றுக் கூட்டினேன். காற்று விஷயத்தில் ஐந்து பேர் நினைவுக்கு வந்தார்கள். வண்டியைத் தாழ்த்த ஸ்பிரிங் வாங்கியபோது ஒருவர்கூட வரவில்லை.

அன்று என் அக்கா தன் மகளுக்குப் பார்த்திருந்த பையனின் வீட்டுக்கு முதன்முதலாகப் போகும் நாள். வீடு எர்ணாவூரில். எங்கள் வழக்கப்படி பெண் போகக் கூடாது, பெண்ணைச் சேர்ந்தவர்கள்தான் போவார்கள். வீட்டையும் மனிதர்களையும் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். அதுவரை அந்த வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. இலையில் உட்கார்ந்தவர் சரியாகச் சாப்பிடாமல் எழுந்தால், மனதில் ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம்.

அக்கா காசிமேட்டில் மீன் விற்கிறாள். மார்க்கெட்டில் உள்ள எல்லோரிடமும் ஒரு வாரமாக ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நாங்க ஆட்டோல எல்லாம் போகல. தம்பி காரு கீது. புதுசா வீலெல்லாம் போட்டுகிறான்."

அந்த வீல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் எடைமேடையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் அறை மேடையைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நாள் முழுவதும் டிரெய்லர்கள். அவற்றுக்கு நடுவே என் கார் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், மழைத்தண்ணீரில் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆளைப் போலத் தோன்றும். வாங்கும்போதே பழைய கார். சின்ன இரும்பு வீல், அதன் மேல் பிளாஸ்டிக் மூடி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல் போகும் சந்து. ஒரு நாள் யாரோ ஒரு வாடிக்கையாளர் ஸ்பிரிங் மாற்றி உயரம் குறைத்த காரில் வந்தார். சாலையோடு ஒட்டிக்கொண்டு, நிழல் நகர்வது போல அது உள்ளே வந்தது. எனக்கு நாற்பத்தெட்டு வயது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை.

அவசரப்படவில்லை. எதையும் அவசரமாக வாங்குகிற ஆள் இல்லை நான். அலாய் வீலில் பல கம்பிகள் பின்னியது போன்ற ஒன்றும், ஐந்தே கம்பிகள் கொண்ட ஒன்றும் கடையில் இருந்தன. கை உள்ளே போய்த் துடைக்க இடம் வேண்டும் என்று ஐந்து கம்பியை எடுத்தேன். வெள்ளி நிறம் வேண்டாம், கரித்தூள் தெரியும் என்று சாம்பலும் கறுப்பும் கலந்த நிறத்தை எடுத்தேன். வீல் பதினாலு அங்குலத்திலிருந்து பதினாறுக்கு ஏறுவதால் டயரின் பக்கச்சுவர் குறைய வேண்டும். இல்லாவிட்டால் மொத்தச் சக்கரமும் பெரிதாகி, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். கணக்குப் போட்டுப் பார்த்து 195/55 என்ற அளவைத் தேர்ந்தெடுத்தேன். பழைய சக்கரத்தின் உயரத்துக்கும் இதற்கும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம். கடைக்காரர் என் தாளைப் பார்த்துவிட்டு, "சார் இன்ஜினியரா?" என்று கேட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

மிச்சம் இருந்தது உயரம். அடிவயிறு தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்று செய்தித்தாள் விரித்துப் படுத்து, இரும்பு ஸ்கேலால் அளந்தேன். பதினேழு சென்டிமீட்டர். நான் வழக்கமாகப் போகும் சாலைகளில் உள்ள வேகத்தடைகளையும் அளந்தேன். அதிகாலையில் வண்டிகள் குறைவாக இருக்கும்போது, தடையின் மேல் ஒரு நீளக் கட்டையை வைத்து, கட்டைக்கும் தரைக்கும் நடுவே ஸ்கேலை நிறுத்தினேன். மிக உயரமானது பதினொன்று. ஆகவே நான்கு சென்டிமீட்டர் இறக்கலாம், அப்போதும் இரண்டு மிச்சம் இருக்கும். தாழ்வான ஸ்பிரிங்குகளை அந்த அளவில் சொல்லி வைத்தேன். வண்டியின் எடை எவ்வளவு என்று கடைக்காரர் கேட்டதும், யார்டில் வேலை முடிந்த நேரத்தில் காரை மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டு, நான் இறங்கிப் போய்க் கண்ணாடி வழியாக எண்ணைப் பார்த்தேன்.

நான் இறங்கினேன். அதுதான் மேடையின் விதி. லாரி வந்து நின்றதும் மைக்கில் நான் முதலில் சொல்வது, "டிரைவர், கிளீனர், எறங்கு எறங்கு" என்பதுதான். ஆள் எடை சரக்கு எடையோடு சேர்ந்துவிடக் கூடாது. பழக்கத்தில், என்னையும் இறக்கிவிட்டுத்தான் என் காரை எடை போட்டேன்.

கடைக்காரர் இன்னொரு கேள்வியும் கேட்டார்: "எத்தினி பேரு போவீங்க சார்?"

"நான் மட்டும்தான்" என்றேன்.

என் மனைவி அப்போது என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு, "மண்டைக்கு மை அடிக்கிற வயசுல வண்டிக்கு அடிச்சிகினு வந்துகிற" என்று மட்டும் சொன்னாள்.

புது வீலோடு வண்டி வந்த அன்று சாயங்காலம், மார்க்கெட்டிலிருந்து நேராக அக்கா வந்தாள். மீன் வாடை போகக் கை கழுவிக்கொண்டு, நான்கு எலுமிச்சம்பழங்களைத் தானே நான்கு டயருக்கும் கீழே வைத்தாள். கற்பூரம் சுற்றினாள். "தெருவே கண்ணு வெக்கிது" என்று பூசணிக்காய் வேறு. டயர் ஏறி எலுமிச்சை நசுங்கியதும், "அந்த கம்பில ஒரு சொட்டு தெறிச்சிச்சி, தொடைடா" என்று முந்தானையைக் கொடுத்தாள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

ஒன்பது மணிக்கு நானும் மனைவியும் காசிமேட்டில் அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா மாம்பழ நிறப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். அவளுக்கு இரண்டு முட்டியும் வலி. வருஷக்கணக்காகக் குத்துக்காலிட்டு மீன் அறுத்ததன் பலன். அவளுக்காக முன் இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளி வைத்திருந்தேன். பின்னால் என் மனைவி, அக்காவின் கணவரான மாமா, மாமாவின் அண்ணன். டிக்கியில் பழத் தட்டு, பூ, இனிப்பு. வெற்றிலைத் தட்டை மட்டும் அக்கா மடியில் வைத்துக்கொண்டாள்.

உட்காரும்போதே சொன்னாள்: "இன்னாடா இது! எல்லாரும் கார்ல ஏறுவாங்க, நான் எறங்குறேன்."

"அதாம்மே ஸ்டைலு" என்றார் மாமா.

"ஸ்டைலா? தரையில குந்திகினு தேச்சிகினு போறா மாரி கீது."

எல்லோரும் சிரித்தோம். கதவுகள் மூடியபோது வண்டி இன்னும் கீழே போனதை உணர்ந்தேன். ஒரு பெருமூச்சு போல இருந்தது. பின் மட்கார்டைக் கண்ணாடியில் பார்த்தேன். டயரின் மேல் விளிம்பு உள்ளே மறைந்திருந்தது. அப்போதே கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வண்டியை எடுத்தேன்.

கடலோரச் சாலையில் தடை ஒன்றும் இல்லை. திருவொற்றியூர் வந்து உள்சாலையில் திரும்பியதும் முதல் வேகத்தடை. சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினேன். அப்படியும் அடியில் கறகறவென்று ஒரு சத்தம்.

"மச்சான், அடில ஏதோ மாட்டிகிச்சா?" என்றார் மாமா.

"சைலன்சரு கொஞ்சம் தட்டுது, ஒண்ணுமில்ல."

இரண்டாவது தடையில் சத்தம் நீளமாக வந்தது. மூன்றாவதில் பின்னால் இருந்த மூவரும் தாங்களாகவே இறங்கிக்கொண்டார்கள். மாமாவின் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டியபடி, "காருக்கு நாம தொணைக்கு வந்துகிறோமா, நமக்கு காரு தொணைக்கு வந்துகிதா?" என்றார். அக்கா கதவுப் பிடியில் கை வைத்து, "நானும் எறங்கட்டாடா?" என்றாள்.

"நீ குந்துக்கா. முட்டி வலியோட இன்னாத்துக்கு?" என்றேன்.

அது நான்தான். அதே நாளில் அப்படியும் பேசத் தெரிந்திருந்தது.

தடை தாண்டியதும் மூவரும் மறுபடி ஏறிக்கொண்டார்கள். எர்ணாவூரில் பையனின் தெரு சாலையைவிடப் பள்ளம். மழைக்காலத்தில் சாலைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, தெரு முனையில் குறுக்கே சிமென்டால் ஒரு கரை கட்டியிருந்தார்கள். பூச்சு புதிது. அந்தப் பக்கம் பையனின் அப்பா, அம்மா, சித்தப்பா, இன்னும் பத்துப் பதினைந்து பேர் சந்தனம், குங்குமம், பன்னீர்ச் சொம்போடு நின்றிருந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் முன்னேயே இறங்கியிருந்தால் ஆகியிருக்குமோ என்னவோ. வரவேற்க நிற்கிறவர்கள் முன்னால் எங்கள் ஆட்கள் நடந்து வரக் கூடாது என்று நான் அவர்களை இறக்கவில்லை. முன் சக்கரங்கள் ஏறி இறங்கின. வயிறு கரையின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் டயர் சுற்றியதே தவிர வண்டி நகரவில்லை. பின்னால் ஒரு தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது.

நான் இறங்கிக் குனிந்து பார்த்தேன். பின்னால் இருந்த மூவரும் இறங்கினார்கள். போதவில்லை. முன்பக்கம் இன்னும் ஒரு விரல் உயர வேண்டும். லாரி மறுபடி ஹாரன் அடித்தது. நான் நிமிர்ந்து, கையை வீசி, உரக்கச் சொன்னேன்:

"எறங்கு, எறங்கு. நீயும் எறங்கு. நீ எறங்குனாத்தான் வண்டி எயும்."

அது என் மைக் குரல். லாரி டிரைவர்களிடம் ஒரு நாளைக்கு நூறு தடவை பேசும் குரல். மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்டது.

அக்கா வெற்றிலைத் தட்டை என் மனைவியிடம் நீட்டினாள். தாழ்வான இருக்கையிலிருந்து எழ முட்டி ஒத்துழைக்கவில்லை. கதவின் மேல்விளிம்பைப் பிடித்து, ஒரு காலை வெளியே வைத்து, சேலையை ஒதுக்கி, இரண்டு முறை முயன்று எழுந்தாள். அவள் எழுந்த நொடியில் வண்டியின் முன்பக்கம், எல்லோர் கண்ணுக்கும் தெரிய, மெதுவாக மேலே வந்தது.

"ஏ, பாரு பாரு, வண்டி எயிந்துகிச்சி!" என்றார் பையனின் சித்தப்பா. கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக நான் நினைக்கவில்லை. வாய் தவறி வந்துவிட்டது. ஆனால் எல்லோரும் சிரித்தார்கள். பன்னீர்ச் சொம்பு வைத்திருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அக்காதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். "இன்னா பாக்குறீங்க? சரக்கு எறங்குனா கப்பலு மெதக்கத்தான செய்யும்?"

நான் உள்ளே ஏறி வண்டியை நகர்த்தினேன். அது சுலபமாக வந்தது. அக்கா தட்டை வாங்கிக்கொண்டு அந்தத் தெருவின் நீளத்துக்கும் நடந்தாள். நான் முதல் கியரில் அவளுக்குப் பின்னாலேயே காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன்.

வீடு நன்றாக இருந்தது, மனிதர்களும் அப்படித்தான். பையன் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான், அடக்கமாகப் பேசினான். மாமா அக்காவைப் பார்த்தார், அக்கா தலையசைத்தாள். இலை போட்டார்கள். வடை, சாம்பார், இரண்டு பொரியல், பாயசம். எனக்கு நேர் எதிரே அக்கா. ஒரு கரண்டிச் சோற்றில் பாதியைச் சாப்பிட்டாள். இரண்டாவது முறை சோறு வந்தபோது இலையைக் கையால் மறைத்தாள். வடை தொடாமல் கிடந்தது. அக்கா நன்றாகச் சாப்பிடுகிறவள். மூன்று மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போகிற யாரும் அரை வயிறு சாப்பிட மாட்டார்கள்.

பையனின் அம்மா கரண்டியோடு நின்றுவிட்டார். "இன்னா சம்பந்தி, கையே வெக்கல? எங்க ஊட்டு சோறு புடிக்கலியா? இல்ல மனசுல ஏதாச்சும் கீதா? இருந்தா இப்பயே சொல்லிடுங்க."

மாமாவின் கை இலையில் நின்றது. அக்கா சாப்பிடாவிட்டால் மகளின் சம்பந்தத்தில் ஒரு முடிச்சு விழும். சாப்பிட்டால், கொஞ்ச நேரம் முன்பு சிரித்தவர்கள் முன்னால் சாப்பிட வேண்டும். அந்த இடத்தில் அவளைக் கொண்டுபோய் உட்கார வைத்தவன் நான். ஒரு வாக்கியம் போதும். வண்டி சிக்கியது என் தப்பு, நான்தான் அதைத் தாழ்த்தினேன் என்று சொல்லியிருந்தால், பேச்சு என் மேல் திரும்பியிருக்கும். சிரிப்பும் என் மேல் திரும்பியிருக்கும். நான் இலையின் ஓரத்தில் உப்பை ஒரு சின்னக் குவியலாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

"அய்ய, அதெல்லாம் ஒண்ணுமில்ல சம்பந்தி" என்றாள் அக்கா. "முட்டி வலி, அதான். போடுங்க. நல்லா போடுங்க."

கையை எடுத்தாள். சோறு விழுந்தது. அவள் குனிந்து பிசைந்தாள்.

"நல்லா சாப்புடுங்க சம்பந்திமா" என்றார் அந்தச் சித்தப்பா. "திரும்பிப் போறப்ப வண்டிய நாங்க தூக்கி வெச்சிடுறோம்."

மறுபடி சிரிப்பு. அக்காவும் சிரித்தாள். வடையைச் சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி சோறு தானே கேட்டு வாங்கினாள். பாயசத்தைக் குடித்து முடித்தாள். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. பையனின் அம்மாவின் முகம் தெளிந்தது. நான் சாப்பிட்டது எனக்கு ஞாபகம் இல்லை.

கிளம்பும்போது தேதி பார்ப்பதைப் பற்றிப் பேசினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. தெரு முனை வரை வந்ததும் அக்கா நின்றாள். "நீங்க ரெண்டு பேரும் வண்டில போங்க. நாங்க மூணு பேரும் ஆட்டோ புடிச்சி வரோம்."

"அக்கா, பின்னாடி சீட்டு காலியா கீது…"

"வண்டி பாவம்டா. உடு."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி, கம்பியைப் பிடித்து ஏறினாள். ஆட்டோவின் இருக்கை உயரம், கீழே குனிந்து உட்கார வேண்டியதில்லை. அதில் அவளால் சுலபமாக ஏற முடிந்தது.

நாங்கள் இருவரும் திரும்பினோம். கரையின் மேல் வண்டி சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. மூன்று வேகத்தடைகளிலும் எங்கேயும் தட்டவில்லை. இரண்டு சென்டிமீட்டர் மிச்சம் வைத்த என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடையிலும் ஏதாவது தட்ட வேண்டும், உடைய வேண்டும் என்று காத்திருந்தேன்.

மூன்றாவது தடை தாண்டியதும் என் மனைவி பேசினாள். "இப்ப எங்கயும் இடிக்கல இல்ல?"

"இல்ல."

"நீ அளவெல்லாம் சரியாத்தான் எடுத்துகிற. எங்களதான் எடுக்கல."

பிறகு வீடு வரும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இரும்புக் கம்பிச் சுருள் ஏற்றிய டிரெய்லர் ஒன்று எங்கள் முன்னால் போனது. அதன் பின் சக்கரங்கள் சுமையில் அகலமாக அமுங்கியிருந்தன. அதன் காலி எடையையும் லோடு எடையையும் என்னால் பார்வையிலேயே கிட்டத்தட்டச் சொல்ல முடியும். பதினெட்டு வருஷமாகச் செய்கிற வேலை அது. காலி எடை மட்டும் தெரிந்த வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று புதிதாக வரும் பையன்களிடம் நான் சொல்வதுண்டு.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் மகள் எடுத்தாள். "அம்மா படுத்துகிச்சு மாமா. கால் வலியாம். எல்லாம் நல்லா நடந்திச்சாமே? கார்ல ஜாலியா போனோம்னு சொல்லிச்சி."

"ம்" என்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். மோட்டார் போடவில்லை. பால் வாங்கப் போகவில்லை. பையனின் அப்பாவுக்கு ஆறு மணி ஷிப்ட் என்று தெரியும், அதற்குள் பேச வேண்டும். முதல் வேலையாக அவருக்குப் போன் செய்தேன். அவர் பயந்துபோய், "இன்னா சார், யாருக்காச்சும் ஒடம்பு முடியலியா?" என்றார்.

"இல்லீங்க. நேத்து வண்டி மாட்டுனது எங்க அக்காவால இல்ல. அத சொல்லத்தான்."

"அட, அதுக்குப் போயி இவ்ளோ காலைல! அந்த கரைய நாங்கதான் ஒசத்தி கட்டிகினோம் சார், தண்ணி வருதுன்னு."

"கரை சரியான ஒசரம்தாங்க. நல்லா இருந்த வண்டிய நான்தான் அழகுக்காக கீழ எறக்கி வெச்சேன். ஆளு ஏறுவாங்கன்னே நெனைக்கல. அக்கா எறங்குனதால எயிந்துகிச்சின்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் வாயத் தொறக்கல. சாப்புடுறப்பவும் தொறக்கல. அதனாலதான் அவங்களால சாப்புட முடியல. வேற ஒரு கொறையும் இல்ல."

அவருக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்டது. பிறகு, "சரிங்க" என்றார். "ஊட்ல சொல்றேன்."

"உங்க தம்பிகிட்டயும் சொல்லுங்க. அங்க இருந்த எல்லார்கிட்டயும்."

"சொல்றேன் சார்."

போனை வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றி வைத்திருந்த பழைய ஸ்பிரிங்குகள் நான்கையும் இழுத்தேன். துடைத்தேன். கீழே கொண்டுபோய் டிக்கியில் வைத்தேன். ஸ்பிரிங் மாற்றும் கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. முன் இருக்கை, அக்காவின் முட்டிக்காக நான் தள்ளிய இடத்திலேயே, கடைசி வரை பின்னால் இருந்தது. அதை நகர்த்தவில்லை.